கலாத் மலையும் நம் அண்ணாமலையும்

சென்ற பௌர்ணமியன்று அண்ணாமலையை வலம் வந்தபோது, நம் மாணாக்கன் ஒருவனும் துணைக்கு வந்தான். 14 கிலோமீட்டர் சுற்றில் பாதி கடந்து அடி அண்ணாமலையை நெருங்குகையில், "சார், பலூசிஸ்தானத்தில் தமிழர்கள் இருக்கிறார்களாமே!" என்றான். அவன் பெருமிதத்தைக் குலைக்க மனம் வரவில்லை. ஆயினும் உபாத்தியாயத் தொழிலின் தோஷம், பிழையைத் திருத்தாமல் நம்மை நடக்க விடுமா?

"தமிழர்கள் அல்லர் தம்பி, பிராகுயி ஜனங்கள்" என்றோம்.

பலூச்சியர் நாடு சிந்து நதிக்கு மேற்கே பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தானம் என்னும் மூன்று ராஜ்யங்களில் பரந்து கிடப்பது. மழை அபூர்வம். மலையடிவாரத்து ஊற்றுநீரைப் பூமிக்கடியில் வெட்டிய கால்வாய் வழியே வயலுக்குக் கொணரும் 'காரேஸ்' முறையால் அங்கே நெடுங்காலம் பயிர் விளைந்தது. நம் அண்ணாமலையின் சிகரம் 2,600 அடிச் சொச்சம். அங்குள்ள கலாத் நகரின் வீதிகளோ ஏறக்குறைய 6,500 அடி உயரத்தில் இருக்கின்றன! குளிர்காலத்தில் ஆட்டு மந்தைகளுடன் கச்சி சமவெளிக்கு இறங்கி, கோடையில் மலைக்குத் திரும்புவது அம்மலைவாசிகளின் பரம்பரை வழக்கம்.

இந்தக் கலாத் பிரதேசந்தான் பிராகுயிகளின் இருப்பிடம். டெனிஸ் பிரே என்ற ஆங்கில அதிகாரி 1909-ல் அவர்கள் மொழிக்கு இலக்கணம் அச்சிட்டார். அது திராவிட மொழி. 'நீ' என்பதற்கு அவர்களும் 'நீ' என்றே சொல்கிறார்கள். கண்ணும் கல்லும் முதலெழுத்தைத் தொண்டையில் சற்று உரசிக்கொண்டு வருகின்றன, அவ்வளவே வித்தியாசம்.

"அப்படியானால் நம்மவர்தானே, சார்?"

இங்கேதான் நிதானம் வேண்டும். ஆதியில் அங்கேயே தங்கிவிட்டவர்கள் என்பார் சிலர். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குள் தெற்கேயிருந்து சென்றவர்கள் என்பார் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் பிராகுயிகளில் மிகப் பலர் பலூச்சி மொழியும் பேசி, பலூச்சியரோடு கலந்து வாழ்ந்து, தங்களைப் பலூச்சியர் என்றே எண்ணுகிறார்கள். அவர்களைக் கேளாமல் நாம் உறவு கொண்டாடுவது எப்படி? பிராகுயியை யுனெஸ்கோ ஸ்தாபனம் அபாயத்திலுள்ள மொழிகளின் வரிசையில் சேர்த்திருக்கிறது. அது தேய்ந்தால் அந்த 'நீ'யும் தேயும் என்பதே நமக்குள்ள விசாரம்.

பையன் சிறிது தூரம் பேசவில்லை. குபேர லிங்கத்தருகே, எண்களைச் சொல்லித்தரும்படி கேட்டான்.

"அசிட், இரட், முசிட்."

"இரட், முசிட்... இரண்டு, மூன்று மாதிரியே இருக்கிறதே! நான்கு?"

"அது அண்டை மொழியில் கடன் வாங்கியது. சார்."

"சொல்லுங்கள், சார்."

"சொல்லிவிட்டோமே. நான்குக்குச் 'சார்' என்றுதான் பெயர்!"