கலப்பும் கலப்படமும்

கொழும்பின் கடலோரத்தை அண்டிய தெருக்களிலே அண்மைக் காலமாக ஒருவகை உணவகங்கள் பெருகி வருகின்றன. இரண்டு மூன்று தேசங்களின் சமையலை ஒரே தட்டிலே இணைத்துத் தருவதாக அவை விளம்பரம் செய்கின்றன. 'பியூஷன்' என்பது அவற்றுக்கு வழங்கும் பெயர். தமிழில் இணைப்புணவு என்று சொல்லிக்கொள்ளலாம். இத்தகைய உணவகம் ஒன்றிலே என் தமக்கையாருக்கும் எனக்கும் நேர்ந்ததை இங்கே எழுத முற்பட்டதற்குக் காரணம், கொடுத்த பணத்துக்கேற்ற சுவை கிடைக்கவில்லையே என்ற கோபம் மட்டுமன்று. அவ்வளவுதான் விஷயமென்றால் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் புறுபுறுத்துவிட்டு மறந்திருப்பேன்.

உணவிலே கலப்பே கூடாதென வாதாடும் தூய்மைவாதிகளின் கட்சியைச் சேர்ந்தவனல்லன் நான். அக்கட்சிக்காரர் காலையிலே பாணைத் தொடக்கூடாது. அந்தச் சொல்லே போர்த்துக்கீசர் விட்டுச் சென்றது. மிளகாயில்லாமல் யாழ்ப்பாணத்துக் குழம்பு உண்டா? அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கீசரின் கப்பல்களோடு கீழைத்தேசங்களுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்னர் எங்கள் மூதாதையருக்கு உறைப்புத் தந்தது மிளகு. மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. சோற்றையும் கறிகளையும் வாழையிலையிலே பொதிந்து போறணையில் வைத்தெடுக்கும் 'லம்பிறைஸ்', பறங்கியர் வீடுகளிலே ஒல்லாந்தப் பெயரோடு பிறந்த பண்டம். கலந்துதான் உண்டு வந்திருக்கின்றோம்.

இந்தக் கலப்பைச் செய்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி. 1849ஆம் ஆண்டு முதல் சீனத்துத் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாகப் பெரு நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கரும்புத் தோட்டங்களிலும், கடற்பறவைகளின் எச்சத்தை உரத்துக்காக வெட்டியெடுத்த தீவுகளிலும் மாண்டவர் போக எஞ்சியோரிற் பலர், ஒப்பந்தம் முடிந்ததும் நகரங்களிலே சிறு சாப்பாட்டுக் கடைகள் வைத்தார்கள். ஊரிலே கிடைத்த மாட்டிறைச்சியையும் தக்காளியையும் வெங்காயத்தையும் சோயாச் சாற்றோடு பெருந்தீயிலே புரட்டி, பொரித்த உருளைக்கிழங்கும் சோறும் சேர்த்துப் பரிமாறினார்கள். அந்த 'லோமோ சல்ட்டாடோ' இன்று பெரு மக்கள் தமதென்று பெருமையோடு சொல்லும் உணவு. அதனை எவரும் திட்டமிட்டுப் படைக்கவில்லை. கூலிக்காரனின் பசியும் புதிய ஊரின் சந்தையும் சேர்ந்து படைத்தன. இதே காரியம் நாகரிகத் தொழிலாக மாறியது மிகப் பிந்தித்தான். 1983இல் வூல்ப்காங் பக் என்னும் சமையற் கலைஞர் கலிபோர்னியாவிலே சீனத்தையும் பிரான்சையும் இணைத்து ஓர் உணவகம் திறந்தார். அவர் போன்றோரின் வழியில் வந்த மோஸ்தர், நாற்பது ஆண்டு கழித்து எங்கள் தெருவையும் எட்டியிருக்கின்றது.

2025ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே என் தமக்கையாருக்கு எழுபது வயது நிறைந்தது. அவருடைய மகன், நல்ல உத்தியோகத்திலே இருப்பவன், "அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நல்ல இடத்துக்குப் போவம் மாமா" என்று அழைத்துச் சென்றான். அக்கா பிறந்த நாள் தொட்டு மச்சம் தீண்டாதவர். அதை அவன் முன்கூட்டியே தொலைபேசியிற் சொல்லியிருந்தான். ஒழுங்கு செய்வதாக அவர்களும் உறுதியளித்திருந்தார்கள்.

உணவுப் பட்டியல் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு பண்டத்தின் கீழும் ஒரு சிறுகதை. 'தோட்டத்து ரொட்டி' என்று ஒன்று: மலைநாட்டுத் தேயிலைத் தொழிலாளியின் எளிய காலையுணவுக்குச் செலுத்தும் அஞ்சலி என்று அதற்கு விளக்கம். விலை 2,800 ரூபா. 'ஒடியற் கூழ்' இன்னொன்று, 1,900 ரூபா. அக்காவுக்கு ரொட்டியும் எனக்குக் கூழும் சொன்னோம்.

கூழைப்பற்றி இங்கே சிறிது சொல்லாமல் இருக்க முடியவில்லை. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை இடித்தெடுத்த மாவை நீரிலே ஊறவிட்டு, கைப்பு நீங்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி வடிக்க வேண்டும். பிறகு பெரிய பானை. அதிலே மீனும் நண்டும் இறாலும், பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும், செத்தல் மிளகாயும் பழப்புளியும். கரையோரத்துக் குடும்பங்களிலே அன்றைய வலையிலே விற்பனைக்கு உதவாமல் எஞ்சிய சில்லறை மீன்களுக்கும் அப்பானையில் இடமுண்டு. பனையோலைப் பிளாவைப் பிடித்துக்கொண்டு பத்துப்பேர் சுற்றியிருந்து வியர்க்க வியர்க்கக் குடிப்பது அது. ஒருவருக்கென்று காய்ச்சப்படுவதேயில்லை. எனக்கு வந்ததோ, மருந்து அளக்கும் குவளை போன்ற ஒரு கண்ணாடிக் கிண்ணத்திலே மூன்று மிடறு, மேலே வெண்ணுரை, விளிம்பிலே ஒற்றை இறால் தொங்கிக்கொண்டிருந்தது. புளியுமில்லை, உறைப்புமில்லை. ஒடியலின் மணத்தையும் பாலாடை மூடிவிட்டது. வெளிநாட்டவர் முகஞ்சுளிக்கக்கூடிய யாவற்றையும் ஒவ்வொன்றாய் நீக்கியபின், மிஞ்சிய பெயரைக் கிண்ணத்திலே வார்த்திருந்தார்கள்.

அக்காவுக்குக் கருங்கல் பலகையொன்றிலே உள்ளங்கையிற் பாதியளவான மூன்று ரொட்டித் துண்டுகள், அவற்றின்மேல் இத்தாலியப் பாற்கட்டி, பக்கத்திலே ஒரு தேக்கரண்டி கட்டைச் சம்பல். அச்சம்பலிலே மாசி சேர்ப்பது வழக்கமாகையால் அவர் கையை நீட்டாமல், "தம்பி, இந்தச் சம்பலுக்கை மாசி போட்டிருக்கோ?" என்று பரிமாறிய இளைஞனைக் கேட்டார். அவன் தமிழன் என்பது முகத்திலேயே தெரிந்தது. எனினும் ஒரு கணம் அப்பால் நின்ற முகாமையாளரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பட்டியலில் அச்சிட்டிருந்த கதையையே ஆங்கிலத்தில் ஒப்பித்தான். மீண்டும் கேட்டபோது உள்ளே போய் வந்து, செய்முறையை வெளியிடுவதில்லையென்று தலைமைச் சமையற்காரர் சொன்னதாகச் சொன்னான். என் மருமகன் குரலை உயர்த்தவே முகாமையாளர் வந்தார். மாசி வாசனைக்காகச் சேர்க்கப்படுவது, அதனை மீன் என்று கொள்ள வேண்டியதில்லை என்று அவர் புன்னகையோடு விளக்கினார். எழுபது ஆண்டு அனுட்டானத்துக்கு இப்படியும் ஒரு வியாக்கியானம் கிடைத்தது! அக்கா தண்ணீர் குடித்தார்.

தொடாத ரொட்டிக்கும் பற்றுச்சீட்டு வந்தது. நூற்றுக்குப் பத்துச் சேவைக் கட்டணம், அதன்மேல் 2024 தை முதலாந் திகதி தொடக்கம் பதினெட்டாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரி. அந்த ஒரு தட்டு மட்டும் 3,600 ரூபாவைத் தாண்டிற்று. முகாமையாளர் வேறு மேசைக்குப் போயிருந்த சமயம், அந்த இளைஞன் குனிந்து பலகையை எடுப்பவன்போல மெல்லச் சொன்னான்:

"மன்னிச்சுக்குங்க ஐயா. மேசையில தமிழ் பேசக் கூடாதுங்க. மாசி இருக்குங்க அதுல. எங்க லயத்துல மாசி வாங்கக் காசு ஏது? வெறும் மிளகாயும் வெங்காயமும் உப்பும் வச்சு அரைப்பாங்க. எங்கம்மா அரைச்சதுன்னா இவங்க சாப்பிட்டிருக்கலாம்."

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவனுடைய தாய் கொழுந்து பறிக்கிறார். அதற்கு மேற் பேச அவனுக்கு அவகாசமில்லை.

அந்த ரொட்டியின் வரலாறு பட்டியலில் அச்சிட்ட கதையைவிடப் பெரியது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டவர்கள் கோதுமையை அறியாதவர்கள். அரிசியையும் கேழ்வரகையும் உண்டு வளர்ந்தவர்கள். இந்நாட்டு வயல்களில் விளையாத, கப்பலேறி வந்த மா, மலிவும் வயிற்றை நிறைக்கும் தன்மையும் காரணமாக அவர்தம் பரம்பரையின் காலையுணவாயிற்று. மலைக்குக் கட்டிக்கொண்டு போகலாம், நின்றபடியே தின்னலாம். 2022இன் நெருக்கடியிலே மாவின் விலை ஏறியபோது முதலிற் சுருங்கியதும் இந்த ரொட்டிதான். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா கேட்டு அம்மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. 2021இலேதான் அது வர்த்தமானியில் ஏறியது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. எங்கள் மேசையிலே தீண்டப்படாமல் கிடந்த அஞ்சலி, கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் இரண்டரை நாட் சம்பளத்துக்கும் மேலானது. அவள் பிள்ளை அதனைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் வீட்டு உணவைப்பற்றித் தன் மொழியிலே ஒரு வார்த்தை சொல்லவும் உரிமையின்றி நின்றான்.

வடக்கிலே பெண்கள் நடத்தும் 'அம்மாச்சி' உணவகங்களிலே நான் பலமுறை உண்டிருக்கின்றேன். குரக்கன் ரொட்டியோ இலைக்கஞ்சியோ, அடுப்படியில் நிற்பவர் எதிரிலேயே நிற்கின்றார்; என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால், போட்டதையும் போடாததையும் அன்றைய தேங்காயின் விலையையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றார். அங்கும் பழையதோடு புதியது கலக்கத்தான் செய்கின்றது. ஆனால், கேட்டவருக்கு விடை மறுக்கப்படுவதை நான் கண்டதில்லை. இதற்குப் பெரிய முதலீடு ஏதும் தேவைப்படுவதாகத் தெரியவில்லை.

உணவகத்திலே எங்களிடம் ஓர் அட்டை தந்தார்கள். பரிமாறியவரின் பணிவுக்கு எத்தனை நட்சத்திரம், வேகத்துக்கு எத்தனை, புன்னகைக்கு எத்தனை என்று அதிலே கேட்டிருந்தது. சமையலைப்பற்றியோ விலையைப்பற்றியோ கேள்வியில்லை. கோபத்திலிருந்த என் மருமகன் பேனாவை எடுத்தான். அவன் எதை எழுதினாலும் அது போய் விழும் தலை ஒன்றுதான் என்று நான் தடுத்தேன். ஐந்து நட்சத்திரங்களையும் நிரப்பி வைத்துவிட்டு வந்தோம்.

பின்னர் உரிமையாளருக்கு நேரே கடிதம் எழுதினேன். இளைஞனைப்பற்றி அதில் ஒரு சொல்லுமில்லை. இரண்டு வினாக்கள் மட்டும்: வாடிக்கையாளர் உண்ணப்போகும் பண்டத்திலே என்ன சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்ல மறுப்பதற்கு நியாயமென்ன? சேவைக் கட்டணமாக வாங்கும் நூற்றுக்குப் பத்து, சேவை செய்தவர்களிடம் முழுமையாகப் போய்ச் சேருகின்றதா? பத்து நாட் கழித்து வழவழப்பான உறையொன்று வந்தது. உள்ளே, எனது மேலான கருத்துக்கு நன்றி. அடுத்த வருகையின்போது நூற்றுக்குப் பதினைந்து கழிவு. வினாக்களுக்கு விடையில்லை. கழிவுச் சீட்டைத் திருப்பியனுப்பி, அதே இரண்டு வினாக்களையும் மறுபடி எழுதியிருக்கின்றேன்.