களத்து வீட்டிற்கு ஓர் இணைப்பு

ஓடைப்பட்டியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கம்பி கட்டுவது புதிய வேலை அன்று. கல்தூண்களை வரிசையாக ஊன்றி, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்துப் பந்தல் அமைத்து, அதன்மேல் திராட்சைக் கொடியைப் படரவிடுவது எங்கள் ஊரின் பிழைப்பு. கம்பி தளர்ந்தால் கொடி தாழும், காய் கெடும். எதை எதனோடு எவ்வளவு இறுக்கமாகக் கட்ட வேண்டும் என்பது இங்குள்ள சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். அண்மையில் எங்கள் வீட்டில் இன்னொரு வகைக் கம்பியை இழுக்க நேர்ந்தது. வீட்டைவிட்டுத் தனியே நிற்கும் ஒரு கட்டடத்திற்கு இணைய வசதியைக் கொண்டு சேர்க்கும் வேலை அது. சிறிய வேலைதான். ஆயினும், அது எங்கள் குடும்பத்திற்குள் எழுப்பிய கேள்வி சிறியதன்று என்பதால் இதனை எழுதத் துணிந்தோம்.

எங்கள் வீடு தெருவைப் பார்த்தது. அதன் பின்னே களம். களத்திற்கு அப்பால், ஏறத்தாழ 120 அடி தொலைவில், ஓடு வேய்ந்த பழைய வீடு ஒன்று இருக்கிறது. அதைக் களத்து வீடு என்போம். எங்கள் தாயார், பிள்ளைகளுக்கு அப்பத்தா, மணமாகி வந்து விளக்கேற்றிய வீடு அது. முன்பக்கம் புது வீடு எழும்பிய பின்னரும் அவர் அங்கிருந்து வர இசையவில்லை. "எனக்கு இந்தத் திண்ணைதான்யா தோது" என்று சொல்லிவிட்டார். நாங்களும் வற்புறுத்தவில்லை. மூன்று வேளையும் சாப்பாடு அங்கே போகும். இரவில் பேத்தி துணைக்குப் படுத்துக்கொள்வாள்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகள் பாடம் கேட்பதற்காக மொட்டை மாடியில் ஏறி, கைப்பேசியில் அலை கிடைக்கும் மூலையைத் தேடி வெயிலில் அமர்ந்திருந்த காட்சியை வாசகர்கள் பலரும் தத்தம் ஊர்களில் கண்டிருப்பீர்கள். அந்த நாள்களில்தான் எங்கள் முன்வீட்டிற்கும் இணைய இணைப்பு வந்தது. கூடத்துச் சுவரில் ரூட்டர் பொருத்தப்பட்டது. முன்வீடு முழுவதும் அலை நன்றாகக் கிடைத்தது, களத்தைத் தாண்டவில்லை.

காரணம் எளிது. வைஃபை என்பது வானொலி அலையே. நம் வீடுகளில் அது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. முன்னது வேகம் குறைந்ததாயினும் சுவர்களைச் சற்று நன்றாக ஊடுருவும். பின்னது வேகமானது, ஆனால் தடித்த சுவர் இரண்டைக் கடந்தாலே சோர்ந்துவிடும். எங்கள் களத்து வீட்டின் சுவர் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய அகலச் சுவர். போதாததற்கு நடுவே, திராட்சைப் பெட்டிகளை அடுக்கும் தகரக் கொட்டகை ஒன்று நிற்கிறது. தகரம் அலையை உள்ளே விடாது, திருப்பி அனுப்பிவிடும்.

எங்கள் இளவல் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். இரவு எட்டரை மணிக்கு வேலை முடிந்து தாயாரோடு முகம் பார்த்துப் பேசுவார். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஒருவர் களத்தைக் கடந்து போய், தாயாரைக் கைபிடித்து முன்வீட்டுக் கூடத்திற்கு அழைத்து வருவது வழக்கம். பேச்சு முடிந்ததும் அவர் எங்களோடு அமர்ந்து செபமாலை சொல்லி, ஒரு வாய் பால் குடித்துவிட்டுத் திரும்புவார். கடந்த ஆண்டு அவருக்கு முழங்கால் வலி மிகுந்தது. களம் கடப்பது பெரும் பயணமாயிற்று. மழை நாள்களில் அழைப்பு வீணாகும். அங்கே தங்கிப் படிக்கும் பேத்திக்கும், கல்லூரிப் பாடங்களுக்கு இணையமின்றி இயலவில்லை. களத்து வீட்டில் இரண்டாவது ரூட்டர் ஒன்று வைத்தே ஆக வேண்டும் என்ற முடிவு இவ்வாறு வந்தது.

வழி மூன்று உண்டு என்றார், விவரம் அறிந்த உறவினர் ஒருவர். முதலாவது, இடையில் ஒரு ரிப்பீட்டரை வைத்து அலையை வாங்கி மறுபடி வீசச் செய்வது. செலவு குறைவு. ஆனால், மெலிந்த அலையை வாங்கி மெலிந்ததையே அது திருப்பித் தரும். ஒரே அலைவரிசையில் வாங்குவதும் கொடுப்பதும் நிகழ்வதால் வேகமும் ஏறக்குறையப் பாதியாகும்.

இரண்டாவது, இரு கட்டடங்களின் வெளிச்சுவர்களிலும் ஒன்றையொன்று நோக்கும் இரு கருவிகளைப் பொருத்தி, கம்பியின்றியே இணைப்பது. இது கேட்கப் புதுமையாகத் தோன்றினும் பழைய உத்திதான். வானொலித் தந்தியின் முன்னோடியாகிய மார்க்கோனி, 1931இல் வத்திக்கான் வானொலி நிலையத்தை அமைத்துக் கொடுத்ததை நம் வாசகர்கள் அறிவர். அவரே 1933ஆம் ஆண்டு பிப்ரவரியில், வத்திக்கானையும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஸ்தல் கந்தோல்ஃபோ கோடைகால மாளிகையையும் இணைக்கும் கம்பியில்லாத் தொலைபேசி ஒன்றைத் திருத்தந்தை பதினோராம் பயஸுக்காக நிறுவினார். ஒரு மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள சிற்றலைகளை அன்றாடப் பயனுக்குக் கொண்டு வந்த முன்னோடி முயற்சிகளில் அதுவும் ஒன்று. திருத்தந்தைக்கும் எங்கள் தாயாருக்கும் தேவை ஒன்றே: தனித்து நிற்கும் வீட்டிலிருந்து பெரிய வீட்டோடு பேச வேண்டும். ஆயினும் இவ்வழியில் இரு கருவிகளுக்கும் நடுவே பார்வை மறையலாகாது. எங்கள் களத்திலோ கொட்டகையை ஒட்டிப் பெரிய வேம்பு ஒன்று கிளை பரப்பி நிற்கிறது. நனைந்த இலைகள் அலையை உறிஞ்சிக்கொள்ளும். வேம்பை வெட்ட வீட்டில் ஒருவருக்கும் மனமில்லை.

ஆகவே மூன்றாவது வழியாகிய கம்பியே எஞ்சியது. சாதாரணமாகப் பயன்படும் தாமிர ஈத்தர்நெட் கம்பி 100 மீட்டர் வரை தாங்கும். எங்களுக்கு 40 மீட்டர்கூடத் தேவையில்லை. ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில், ஐப்பசி கார்த்திகையிலும் கோடை மழையிலும் இடி மின்னல் கடுமை. இரு கட்டடங்களுக்கு இடையே செல்லும் தாமிரக் கம்பியில், மின்னல் அருகில் எங்கோ விழுந்தாலும் மின்வீச்சு பாய்ந்து, இரு முனைகளிலும் உள்ள கருவிகளைக் கருக்கிவிடக்கூடும். ஆதலால் கண்ணாடி இழையைத் தேர்ந்தோம். மாசற்ற கண்ணாடி இழையின் வழியே ஒளியாகச் செய்தியை நெடுந்தொலைவு அனுப்ப இயலும் என்று 1966இல் சார்லஸ் காவோ என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். அதற்காக 2009இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. எனவே இழையின் வழியாக மின்வீச்சு தாவாது. வலுவிற்காக உள்ளே எஃகுக் கம்பி வைத்த வகையும் கடையில் உண்டு. அது வேண்டாமென்று, உலோகம் கலவாத வகையை வாங்கினோம். இழையின் இரு முனைகளிலும், ஒளியை மின்குறியாகவும் மின்குறியை ஒளியாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் என்னும் சிறு பெட்டி ஒவ்வொன்று வேண்டும். மின்தடை வந்தால் இப்பெட்டிகளும் இரு ரூட்டர்களும் சேர்ந்தே உறங்கிவிடும் என்பதால், இரண்டு இடங்களிலும் சிறிய மின்கலச் சேமிப்பு வைத்தோம்.

குழி வெட்டத் தொடங்குமுன், வேலையைத் தாயாரிடம் விளக்கினோம். இனிமேல் நடக்க வேண்டாம், கட்டிலில் இருந்தபடியே மகனைப் பார்க்கலாம் என்று மகிழ்ச்சியோடு சொன்னோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஏய்யா, இது வந்துட்டா ராத்திரி என்னையக் கூப்பிட யாரும் வரமாட்டீகளா?"

எங்களில் ஒருவருக்கும் உடனே விடை வரவில்லை. இரவு எட்டரை மணிக்கு அவரை அழைத்து வரப் போனவர் சும்மா போகவில்லை. கைபிடித்து நடக்கையில் அவர் அன்றைய கதையைச் சொல்வார்: கோழி எங்கே முட்டையிட்டது, மருந்து எது தீர்ந்தது, எந்த இடத்தில் ஓடு ஒழுகுகிறது. 120 அடி தொலைவை அவர் கால் மணி நேரம் நடப்பார். அந்தக் கால் மணி நேரந்தான் ஒவ்வொரு நாளும் எங்களில் ஒருவர் அவரோடு மட்டும் இருந்த நேரம். அதனை நாங்கள் ஒரு சுமையாகவே கணக்கிட்டு, நீக்கத் திட்டமிட்டிருந்தோம். அவருக்கோ, கைப்பேசியில் தெரிந்த இளைய மகனின் முகத்தோடு, கைபிடிக்க வந்த மூத்த மகனின் கையும் சேர்ந்தே அந்த எட்டரை மணி.

வசதி எதுவும் தனியே வருவதில்லை. கிணற்றடிக்குப் போய் நீர் இறைத்த காலத்தில் முதுகு வலித்தது. அங்கே பேச்சும் இருந்தது. குழாய் வீட்டிற்குள் வந்தது. முதுகு வலி நின்றது, பேச்சும் நின்றது. அதற்காகக் குழாயைப் பிடுங்கிவிட வேண்டும் என்று எவரும் சொல்லார்; சொல்வது நியாயமும் அன்று. முழங்கால் வலியோடு ஒரு முதியவரை, எங்கள் அன்பைக் காட்டுவதற்காக நடக்கவைப்பது அன்பாகாது. செய்யத் தக்கது ஒன்றே: தேவை இழுத்துச் சென்ற இடத்திற்கு, தேவை நீங்கிய பின் நாமே விரும்பிச் செல்வது. அன்றிரவே வீட்டில் அமர்ந்து பேசினோம். இணைப்பு வரட்டும். ஆனால் எட்டரை மணிக்கு அவர் இங்கே வருவதற்குப் பதிலாக, நாங்கள் எல்லோரும் அங்கே போவது. செபமாலையும் அங்கேயே. மறுநாள் தாயாரிடம் இதைச் சொன்னபோது, "அப்படின்னா தோண்டுங்க" என்றார்.

ஒரு சனிக்கிழமை கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு ஒன்றரையடி ஆழத்தில் வாய்க்கால் போல் வெட்டி, பி.வி.சி. குழாயைப் பதித்து, அதனுள் நைலான் கயிற்றால் இழையை இழுத்தோம். மின்கம்பி செல்லும் பாதையைவிட்டு இடைவெளி வைத்தோம். திருப்பங்களில் இழையை முறுக்காமல் அகலமாக வளைத்தோம்; கூர்மையாக மடிந்தால் ஒளி கசிந்துவிடும், இழையும் முறியும்.

இனி ரூட்டர். இது பலர் இடறும் இடமாதலால் சற்று விரித்துச் சொல்கிறோம். ஒரு வீட்டின் வலையமைப்பில், ஒவ்வொரு கருவிக்கும் முகவரி எண் ஒன்று வழங்கும் பொறுப்பு உண்டு. அதை டி.ஹெச்.சி.பி. என்பர். கடையிலிருந்து வரும் எந்த ரூட்டரும் அப்பொறுப்பு தன்னுடையதே என்ற எண்ணத்தோடுதான் வரும். இரண்டும் முகவரி வழங்கத் தொடங்கினால் கருவிகள் குழம்பும். சில வேளை இணைப்பு இருந்தும் இணையம் வாராது. ஆகவே இரண்டாவது ரூட்டரை முதலில் தனியே ஒரு கணினியோடு இணைத்து, அதன் முகவரியை மாற்றினோம். முதல் ரூட்டர் 192.168.1.1 என்றால், இரண்டாவது 192.168.1.2, அந்த எண் வேறு கருவிக்குப் போகாதவாறும் முதல் ரூட்டரில் ஒதுக்கி வைத்தோம். பிறகு இரண்டாவதில் முகவரி வழங்கும் பணியை நிறுத்தினோம். களத்து வீட்டிற்கு வந்த கம்பியை 'வான்' என்ற துளையில் செருகாமல் 'லேன்' துளைகளுள் ஒன்றில் செருகினோம். 'வான்' துளையில் செருகினால் களத்து வீடு தனி வலையமைப்பாகப் பிரிந்து நிற்கும். அங்கிருந்து இணையம் கிடைக்கும், ஆனால் முன்வீட்டுக் கருவிகள் அங்குள்ளவற்றை எளிதில் கண்டுகொள்ளா. சில ரூட்டர்களில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்ற ஒரே தெரிவு இவற்றையெல்லாம் செய்துவிடும். அவ்வாறாயின் எந்தத் துளை என்பதற்கு அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நலம்.

வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் இரு வீட்டிலும் ஒன்றாகவே வைத்தோம். கைப்பேசியோடு களத்தைக் கடப்பவர் மறுபடி எதையும் தட்ட வேண்டியதில்லை. அலைத்தடம் மட்டும் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்று. முன்வீட்டிற்கு 1, களத்து வீட்டிற்கு 11 என்று பிரித்தோம். மின்னல் நேரத்தில் செருகியைப் பிடுங்கிவிடும் வழக்கத்தை மட்டும் விடவில்லை; இழை வழியே வராத மின்வீச்சு மின்கம்பி வழியே வரலாமே.

அன்று இரவு எட்டரை மணிக்கு எல்லோரும் களத்து வீட்டுத் திண்ணையில் இருந்தோம். இளவலின் முகம் தெளிவாகத் தெரிந்தது. "அம்மா, நம்ம பழைய வீட்டு உத்தரம் தெரியுதே!" என்று அவர் வியந்தார். வெளிநாடு போன பிறகு அந்த வீட்டின் உட்புறத்தை அவர் நேரில் பார்ப்பது போலப் பார்த்தது அன்றுதான். தாயார் கைப்பேசியைப் பேத்தியிடம் கொடுத்து, அடுப்படியையும் மாடத்தையும் அவருக்குக் காட்டச் சொன்னார்.

மாதங்கள் சில ஆகிவிட்டன. எல்லா இரவும் எல்லோரும் போகிறோம் என்று சொல்ல இயலாது. அறுவடைக் காலத்தில் ஒருவர் மட்டுமே போன நாள்கள் உண்டு. ஒருவரும் போகாத நாள் இதுவரை இல்லை. இணைப்பு ஒரு நாள் அறுந்தால், எங்கே கோளாறு என்று காட்டப் பெட்டியில் விளக்கு எரியும். களத்தைக் கடந்து போகும் வழக்கம் அறுந்தால் எந்த விளக்கும் எரியாது. அதை நாமேதான் கவனித்துக்கொள்ள வேண்டும். வாசகர்களுள் பலர் வீட்டிலும் பின்கட்டிலோ தோட்டத்திலோ பெரியவர் ஒருவர் தனித்திருக்கக்கூடும். அவருக்கு இணைப்பைக் கொடுங்கள், தரமாகவே கொடுங்கள். கொடுக்கும் முன், அவரிடம் போவதற்கு அதுவரை இருந்த காரணம் என்ன, இனி எந்தக் காரணத்தை முன்னிட்டுப் போவோம் என்பதையும் வீட்டார் கூடிப் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.