கடலுக்கடியில் யாரோ தாளிக்கிறார்கள்

கடற்கரையில் நம் குடும்பங்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மர நிழலில் ஒரு பாய், அதன்மேல் புளிச்சோறு, அவித்த முட்டை, பிளாஸ்க்கில் தேநீர். பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "போதும், மேல வா!" என்று ஒரு குரல் கேட்கும். போர்ட்டிக்சன் போனாலும் பங்கோர் போனாலும் இதே காட்சிதான். எங்கள் வீட்டில் அந்தக் குரல் அம்மாவுடையது.

அம்மா பிறந்து வளர்ந்தது கம்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். ஈயம் தோண்டி முடித்து அப்படியே விட்டுப்போன குட்டைகள் கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க இருந்தன. கரை சரிவாக இருக்காது. ஓரடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்குத் தரை இருக்காது. 1974இல் அம்மாவின் தம்பி அப்படி ஒரு குட்டையில் குளிக்கப் போனார். ஒன்பது வயது. அந்த மாமாவின் புகைப்படம்கூட எங்களிடம் இல்லை. அவரிடமிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்தது தண்ணீர்ப் பயம் மட்டும்தான். நாங்கள் மூன்று பிள்ளைகளும் நீச்சல் தெரியாமலே வளர்ந்தோம். நான் கற்றுக்கொண்டது வேலைக்குப் போன பிறகு, அதுவும் வீட்டுக்குச் சொல்லாமல்.

அதனால், கடந்த ஜூனில் 62 வயது அம்மாவைப் பெர்ஹெந்தியான் தீவுக்கு அழைத்துப் போனபோது, அவர் கடலில் இறங்குவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "நான் கரையில உக்காந்துக்கிறேன். நீ போயிட்டு வா" என்ற ஒப்பந்தத்தோடுதான் பேருந்து ஏறினோம்.

திரங்கானு மாநிலத்தின் கோலா பெசுட் படகுத்துறையிலிருந்து வேகப்படகில் முக்கால் மணி நேரத்துக்குள் தீவு வந்துவிடுகிறது. மலாய் மொழியில் பெர்ஹெந்தியான் என்றால் நின்று செல்லும் இடம். ஒரு காலத்தில் வணிகக் கப்பல்கள் இங்கே தங்கிப் போனதால் வந்த பெயர் என்கிறார்கள். பெரியது, சிறியது என்று இரண்டு தீவுகள். நடுவில் ஒரு நீரிணை, அதைக் கடக்கப் படகு டாக்சி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பருவமழையில் விடுதிகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மற்ற மாதங்களில் தண்ணீர் கண்ணாடிதான்.

முதல் நாள் அம்மா சொன்னபடியே பாயில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் காலை, எங்கள் படகோட்டித் தம்பி, இருபது வயதுதான் இருக்கும், "ஆன்ட்டி, இவ்வளவு தூரம் வந்து சும்மா உட்கார்ந்தால் நஷ்டம்" என்றான். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கால் தரையில படுமா?" அவன் பதில் சொல்லாமல் கடலுக்குள் நடந்து போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று காட்டினான். இன்னும் பத்தடி நடந்து அங்கேயும் நின்றான். அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அம்மாவுக்குத் தேவைப்பட்டது அதுதான்.

உயிர்காப்புச் சட்டையைப் போட்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தார். முகக்கண்ணாடியில் புகை படியாமலிருக்க உள்ளே எச்சில் தடவ வேண்டும் என்றதும் முகம் சுளித்தார். "கடலே இவ்வளவு தண்ணி கிடக்கு, எச்சில் எதுக்கு?" மூக்கு கண்ணாடிக்குள் அடைபட்டுவிடும்; குழாய் வழியாக வாயால்தான் மூச்சு. ஸ்நோர்கலிங்கில் கஷ்டமான வேலை அது ஒன்றுதான். நீந்தத் தெரியாவிட்டாலும் சட்டை மிதக்க வைத்துவிடும். மூச்சை நம்புவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஒருமுறை வைத்தவர் எடுக்கவே இல்லை. எனக்குத்தான் பயம் வந்து தோளைத் தட்டினேன். நிமிர்ந்து குழாயைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "கீழ யாரோ தாளிக்கிறாங்க."

வானொலியில் வேலை செய்கிறேன்; சத்தம்தான் என் பிழைப்பு. ஆனாலும் இவ்வளவு சரியாக எனக்குச் சொல்ல வந்திருக்காது. பவளப்பாறைமேல் மிதந்தால் காதில் இடைவிடாமல் ஒரு படபடப்பு கேட்கும், சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல. அது ஒரு வகை இறால். விரல் நீளம்தான். ஒரு கொடுக்கை அது சொடுக்குகிற வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி, உடனே உடைகிறது. உடையும் சத்தம்தான் அது. ஆயிரக்கணக்கில் சொடுக்கும்போது தாளிப்பாகிவிடுகிறது. அதோடு கிளிமீன்கள் பாறையைக் கறுக் கறுக்கென்று கொறிப்பதும் கேட்கும். அவை தின்று கழிக்கும் பவளத் துகளும் அந்த வெள்ளை மணலில் சேர்ந்திருக்கிறது. இதைச் சொன்னதும் அம்மா காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

பிற்பகல் படகில் போனோம். பெரிய தீவின் ஓரத்தில் கடற்புல் வளர்ந்த இடத்தில் பச்சை ஆமை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. தம்பி ஒரு மிதவை வளையத்தை அம்மாவிடம் பிடிக்கக் கொடுத்து, எங்களைத் தள்ளியே நிறுத்தினான். ஆனால் வேறு படகுகளும் வந்துவிட்டன. நிமிடத்தில் முப்பது பேர், கையில் கேமராவோடு, ஆமைக்கு நேர் மேலே. ஆமை கடலில் வாழ்ந்தாலும் நம்மைப்போல் நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. மேலே வந்தாக வேண்டும். அது தலையைத் தூக்கி எழும்பியது. கால்களின் கூட்டத்தைக் கண்டு திரும்பிக் கீழே போனது. மறுபடி எழும்பியது.

வளையத்தை ஒரு கையால் பிடித்தபடி அம்மா தலையை வெளியே எடுத்தார். தோட்டத்து மலாயில், கடற்கரையில் எங்களைக் கூப்பிடும் அதே குரலில் கத்தினார்: "டியா மாவ் நாஃபாஸ் லா! கசி ஜாலான்!" அதற்கு மூச்சு வேண்டும், வழி விடுங்கள். சிலர் சிரித்தார்கள். ஆனாலும் நகர்ந்தார்கள். ஆமை மேலே வந்து, ஒரு புஸ் சத்தம், ஒரு பெரிய மூச்சு, பிறகு சாவதானமாக இறங்கிப் போனது. அம்மா வெகுநேரம் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மாலையில் சிறிய தீவின் மீனவக் கம்பத்துக்குப் போனோம். வாசலில் கெரோப்போக் லெக்கோர் பொரித்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். மீனை அரைத்து, சவ்வரிசி மாவு கலந்து, கையால் உருட்டி, வேகவைத்துப் பிறகு பொரிப்பது. திரங்கானு மலாயில் 'இக்கான்' 'இக்காங்' ஆகிவிடும், 'மாக்கான்' 'மாக்காங்'. அம்மாவுக்கு அது ஒரே வேடிக்கை. இருவரும் ஒருவரையொருவர் 'காக்' என்று அழைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். சிறுவயதில் ஆமை முட்டை சாப்பிட்டதை அந்த அம்மையார் ஒளிக்காமல் சொன்னார். அப்போது அது எல்லோர் வீட்டிலும் சாதாரணம். 2022 ஜூன் முதல் திரங்கானுவில் எந்த ஆமை இனத்தின் முட்டையையும் விற்கத் தடை. இதே மாநிலத்தின் ரந்தாவ் அபாங் கரைக்கு 1950களில் பிரம்மாண்டமான தோல்முதுகு ஆமைகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் முறைபோல் முட்டையிட வந்தன. இன்று அவை வருவதே இல்லை எனலாம். "இப்போது என் பேரன் ஆமையைக் காட்டித்தான் சம்பாதிக்கிறான்" என்றார் அவர். அந்தப் பேரன் எங்கள் படகோட்டித் தம்பிதான் என்பது அவன் பசியோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

திரும்பும் படகில் அம்மா, அண்ணன் மகளுக்கு நீச்சல் வகுப்புக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சொன்னேன். "கூடத்தான் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பெரியவங்களுக்கும் அதே காசுதானா?" என்றார்.