சந்தவாசலில் ஒரு நாள்... ஒரு ரப்பர் துண்டுக்காக!

ஜவ்வாது மலைக்குன்னு கிளம்பி, அடிவாரத்துலயே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? நாங்க உட்கார்ந்தோம் பாஸ்! அதுவும் உள்ளங்கையில் அடங்குற ஒரு ரப்பர் துண்டுக்காக.

வேலூரிலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம் தாண்டி போளூர் ரோட்டில் வந்தீங்கன்னா சந்தவாசல். பேரிலேயே வாசல் இருக்கு. பஸ் நிக்கிற இடத்திலிருந்து மேற்கே பார்த்தா மலை வரிசை கட்டி நிக்கும். அந்தப் பக்கம் திரும்பினால் படவேடு. நேரே போளூர் போய் மலை ஏறினால் ஜமுனாமரத்தூர். நம்ம பிளான் இரண்டாவது: பீமன் மடவு அருவியில் குளியல், கோமுட்டேரியில் படகு, அப்புறம் காவலூர். 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்சப்போ, அதைப் பதிவு செஞ்ச இடங்கள்ல நம்ம காவலூரும் ஒண்ணு. காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!

நாலு பேர், ஒரு பழைய கார். கார் நண்பனோட அப்பாவுடையது. அவர் வாடகைக்கு ஓட்டுறவர், அந்த வண்டிதான் வீட்டுக்குச் சோறு. காய்ச்சல்னு ரெண்டு நாள் படுத்திருந்தார். திங்கட்கிழமை விடியற்காலை ஏர்போர்ட் டிரிப் புக் ஆகியிருந்தது. நம்ம ஆள் "காலேஜ் ஃபங்ஷன்"னு ஒரு பொய்யைச் சொல்லி, சனிக்கிழமை காலையில சாவியை வாங்கிட்டு வந்துட்டான்.

சந்தவாசலில் டீ குடிச்சுட்டு, பக்கத்துப் பட்டறையில் காத்து பிடிக்க நிறுத்தினோம். காத்து பிடிச்ச பையன் முன் வீலுக்குள்ள எட்டிப் பார்த்துட்டு, "அண்ணே, இங்க வாங்களேன்"னு மெக்கானிக்கைக் கூப்பிட்டான். வீல் ரிம்மோட உள்பக்கம் முழுக்க கறுப்பா கிரீஸ், தெளிச்சு விட்ட மாதிரி.

"பூட் கிழிஞ்சிருக்கு தம்பி."

சாவி போடுற பூட்டு இல்லீங்க. ஆக்ஸில் நுனியில, துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் உறை இருக்குமே, அதுதான் பூட். அதுக்குள்ள இருக்கறது சி.வி. ஜாயின்ட்.

நம்ம தாத்தா காலத்து அம்பாசடரில் இன்ஜின் முன்னாடி, ஆனா தள்ளுறது பின் வீல். 1983 கடைசியில மாருதி 800 வந்தப்போ முன் வீலே இழுக்கிற வண்டி நம்ம தெருவுக்கு வந்துச்சு. முன் வீல் சுத்தவும் செய்யணும், ஸ்டியரிங்குக்குத் திரும்பவும் செய்யணும். சாதாரண ஜாயின்ட்டை அவ்வளவு வளைச்சா, ஒவ்வொரு சுத்துலயும் வேகம் ஏறி இறங்கும், வண்டி உதறும். இதுக்கு 1920-களில் ஆல்ஃபிரட் ஜெப்பா என்ற இன்ஜினீயர் ஒரு வழி கண்டுபிடிச்சார். ஒரு கிண்ணம், நடுவில் ஒரு குமிழ், ரெண்டுலயும் வெட்டின பள்ளங்கள்ல ஆறு இரும்பு பால். எவ்வளவு திருப்பினாலும் வேகம் மாறாது. இன்னிக்கும் பெரும்பாலான கார்கள்ல வெளிப்பக்க ஜாயின்ட் இந்த வகைதான்.

அந்த ஆறு பாலும் உயிரோட இருக்கறது கிரீஸால. கிரீஸ் உள்ளே நிக்கிறது பூட்டால. பூட் கிழிஞ்சா கிரீஸ் வெளியே போகும், மண்ணும் தண்ணியும் உள்ளே போகும். அப்புறம் உள்ளே ஓடுறது உப்புத்தாள்தான்!

நம்ம நண்பன் விடலை. "சத்தமே வரலையேண்ணே. மலைக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாமா?"

மெக்கானிக் சிரிச்சார். "ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடிச்சுத் திரும்பும்போது டக் டக்குனு சத்தம் வரும் தம்பி. அது வந்தா ஜாயின்ட் தேய்ஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அப்போ பூட் மாத்தி பிரயோஜனம் இல்லை. மலையில எத்தனை வளைவு இருக்கு, எண்ணிப் பாரு."

பூட் சில நூறு ரூபாய். ஜாயின்ட்டோ ஆக்ஸிலோ போனா ஆயிரக்கணக்கில் போயிடும். நாலு பேரும் முகத்தை முகம் பார்த்தோம். அந்த ஆயிரங்கள் எங்க பாக்கெட்டிலிருந்து போகாது, காய்ச்சலில் படுத்திருக்கிறவர் பாக்கெட்டிலிருந்து போகும். திங்கட்கிழமை டிரிப்பும் சேர்ந்து போகும்.

அடுத்த கேள்வி, எந்த பூட்? பிளந்த மாதிரி வரும் ஒட்டு பூட் ஒண்ணு உண்டு. ஆக்ஸிலைக் கழற்ற வேண்டாம், சுத்தி வெச்சு ஓரத்தை ஒட்டினா போதும். "அது கையில இருக்கு. ஒட்டி ஒரு மணி நேரத்துல அனுப்பிடுவேன். ஆனா ஒட்டுற இடத்துல துளி கிரீஸ் பட்டாலும் பிடிக்காது, வளைவுல பிளந்துக்கும். வாடகை வண்டிக்கு நான் போட மாட்டேன்"னார். எல்லா வண்டிக்கும் இழுத்து மாட்டுற பொது பூட் இன்னொண்ணு. அதை ஏத்த கூம்பு வேணும், அவர்கிட்ட இல்லை. மூணாவது, அந்த வண்டிக்கே அளவெடுத்த முழு பூட். அதுக்கு வேலூர்தான் போகணும்.

பழைய பூட்டை அறுத்தெடுத்து, பழைய பேப்பர்ல சுத்தி நண்பன் கையில கொடுத்தார். "வண்டி பேரு, வருஷம் சொல்லு. அவுட்டர் பூட்னு சொல்லு. ரெண்டு வாயையும் இதோட வெச்சுப் பாரு, மடிப்பை எண்ணு. கிளாம்ப் ரெண்டும், கிரீஸ் பாக்கெட்டும் சேர்த்துக் கேளு. சி.வி. ஜாயின்ட் கிரீஸ்தான், வேற கிரீஸ் வேண்டாம்." பஸ் ஏறினான்.

மத்த மூணு பேருக்கும் சும்மா உட்கார முடியுமா? படவேடு பஸ்ஸைப் பிடிச்சோம். வழியெல்லாம் வாழை, தென்னை. ஆடி மாசம்னா ரேணுகாம்பாள் கோயிலுக்கு இந்த ரோடே கொள்ளாது, நாங்க போனப்போ நிம்மதியா கும்பிட முடிஞ்சது. இந்த ஊரு 14-ம் நூற்றாண்டுல சம்புவராயர்களோட தலைநகரம். விஜயநகரத்து குமார கம்பணர் தெற்கே மதுரைக்குப் போற வழியில முதல்ல ஜெயிச்சது இவங்களைத்தான். ஒரு ராஜ்யமே இருந்த இடத்துல வாழையிலை காத்துல ஆடிட்டு இருந்தது. மலை பக்கத்துலயே நின்னு எங்களைப் பார்த்துச் சிரிச்சது.

மதியம் திரும்பினா பட்டறையில கிளாஸ் ஆரம்பம். வண்டி தரையில் நிக்கும்போதே, ஒருத்தர் பிரேக்கை மிதிக்க நடு நட்டைத் தளர்த்தினார். அப்புறம் ஜாக்கி, கீழே ஸ்டாண்ட். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே கை விடாதீங்கன்னு அழுத்திச் சொன்னார். பால் ஜாயின்ட்டை விடுவிச்சு, ஆக்ஸிலை வெளிநுனியில மட்டும் வெளியே எடுத்தார். கியர்பாக்ஸ் பக்கம் உருவினா ஆயில் கொட்டுமாம்.

ஜாயின்ட்டைத் தட்டிக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைச்சு, ஒவ்வொரு பாலையும் வெளிச்சத்துல உருட்டிப் பார்த்தார். பள்ளங்கள்ல விரலை ஓட்டினார். நாங்க மூச்சே விடலை.

"தப்பிச்சது. குழி விழலை."

புது பூட்டை முதல்ல ஆக்ஸில்ல ஏத்தணும், அப்புறம்தான் ஜாயின்ட். இதை மறந்தா மறுபடி முதல்ல இருந்து! புது சர்க்கிளிப், பாக்கெட் கிரீஸ் முழுசும் உள்ளே. கடைசியா சின்ன வாய்க்கு அடியில மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டு உள்ளே அடைபட்ட காத்தை வெளியே விட்டு, கிளாம்பை இறுக்கினார். காத்து உள்ளே நின்னா பூட் பலூன் மாதிரி உப்பி சீக்கிரம் கிழியுமாம். நடு நட்டும் புதுசு. தரையில் இறக்கி இறுக்கி, உளியால ஒரு தட்டு.

வெயில் சாய்ஞ்சிருந்தது. இனி மலை ஏறினா இருட்டிடும். வண்டியைத் திருப்பறதுக்கு முன்னாடி நண்பன் செல்லை எடுத்து அப்பாவுக்குப் போட்டான். ஃபங்ஷன் இல்லை, சந்தவாசல்ல நிக்கிறோம், பூட் கிழிஞ்சது, முழு பூட் போட்டாச்சு... எல்லாத்தையும் ஒரே மூச்சில் கொட்டினான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பால் எல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குப்பா."

"சரி. சாப்டீங்களாடா?"

திரும்பி வரும்போது யாரும் பாட்டு போடலை. கண்ணமங்கலம் வரைக்கும், ஒவ்வொரு திருப்பத்திலும் நாலு பேரும் காதைத் தீட்டி வெச்சிருந்தோம். சத்தம் வரலை.

நீங்க மலைக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் ஒரே ஒரு வேலை செய்யுங்க. ஸ்டியரிங்கை முழுசா ஒரு பக்கம் ஒடிச்சு நிறுத்தி, இன்ஜினை அணைச்சுட்டு, வீலுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சு அந்த மடிப்புகளைப் பாருங்க. வெடிப்பு தெரியுதா, கிரீஸ் கசியுதா? அடுத்த பக்கமும் ஒடிச்சுப் பாருங்க. ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

பீமன் மடவு எங்கேயும் போயிடாது. நாங்க அடுத்த மாசம் போறோம். இந்த முறை, அப்பாகிட்ட சொல்லிட்டு!