பெயரில்தான் ‘பெரி’!

“மான்செஸ்டர் வரைக்கும் வந்துட்டு ஃபுட்பால் மேட்ச் பாக்காமப் போனா, மதுரைக்கு வந்துட்டு மீனாட்சியைப் பாக்காமப் போன மாதிரி மாப்ளே!”

சொன்னவர் என் மனைவியின் அண்ணன். மான்செஸ்டரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். மான்செஸ்டர் சிட்டி கிளப்பின் வானநீல பனியனைப் போட்டுக்கொண்டுதான் காபியே குடிப்பார். “எத்தனை வருஷமா இந்த பக்தி மச்சான்?” என்று கேட்டேன். “அவங்க ஜெயிக்க ஆரம்பிச்சதிலேர்ந்து!” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இது 2024 அக்டோபரில். சிட்டி டிக்கெட் விலையைச் சொன்னார். மனசுக்குள் ரூபாயால் பெருக்கினேன். பி.காம். படித்தவனுக்கு இது ஒரு வியாதி. பெருக்கி முடித்ததும் பசி போய்விட்டது.

“இதைவிட மலிவா ஏதாவது...?” என்று இழுத்தேன்.

“இருக்கு. பெரி!”

“பெரிய கிளப்பா?”

“பெயர்லதான் பெரி. ஊர் சிறிசு. கிளப் அதைவிடச் சிறிசு!”

இந்த ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால், ‘புதை’ என்பதற்கும் அதே எழுத்துக்கள்தான். அது எவ்வளவு பொருத்தம் என்பது சாயங்காலம்தான் புரிந்தது.

சனிக்கிழமை. மஞ்சள் டிராமில் ஏறினால் அரை மணி நேரத்தில் பெரி. இந்தத் தடத்தில் டிராம் ஓட ஆரம்பித்தது 1992-ல். இந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

ஊர் நடுவே ராபர்ட் பீல் சிலை. லண்டன் போலீஸை உருவாக்கியவர், பிறந்தது இங்கேதான். சிலையைத் தாண்டினால் மார்க்கெட். ‘பிளாக் புட்டிங்’ என்று கறுப்பாக ஒன்றை விற்கிறார்கள். புட்டிங் என்றதும் இனிப்பு என்று நினைத்து வாயில் போட்டேன். பன்றி ரத்தமும் ஓட்ஸும் கொழுப்பும் சேர்ந்த சமாசாரம்! நம் ஊர் ரத்தப் பொரியலின் ஒன்றுவிட்ட அண்ணன். பரவாயில்லை, ருசிதான்.

அங்கிருந்து பொடிநடையாக ‘கிக் லேன்’ மைதானம். தூரத்திலேயே மச்சான் தன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளே வானநீலம்!

பெரி கிளப் பிறந்தது 1885-ல். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை இரண்டு தரம் ஜெயித்த கிளப் இது. இரண்டாவது தரம், 1903 ஃபைனலில், டெர்பி அணியை 6-0 என்று துவைத்து எடுத்தது. 116 வருஷம் அந்த ஃபைனல் சாதனையை ஒருத்தரும் தொடவில்லை.

இன்னொரு விஷயம். இங்கே டிவிஷன்கள் மாடிப்படி மாதிரி. 1998-99 சீசனில் பெரி இரண்டாம் படியில் நின்றது. மான்செஸ்டர் சிட்டி? மூன்றாம் படி! அதற்கு முந்தின சீசனில் பெரி, சிட்டியின் சொந்த மைதானத்துக்கே போய் 1-0 என்று ஜெயித்துவிட்டும் வந்தது.

“அப்பல்லாம் நான் இங்க வரல மாப்ளே” என்றார் மச்சான் அவசரமாக.

அப்புறம் என்ன நடந்தது? கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியதுதான்.

ஒரு மேட்ச் நடக்க இரண்டு டீம் வேண்டும். தனக்குத் தானே கோல் போட்டுக்கொண்டால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? இது தெரிந்துதான் அந்தக் காலத்து லீக்கில், மைதான வசூலில் விருந்தாளி டீமுக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். 1983-ல் அதை நிறுத்தினார்கள். ‘என் வீடு, என் உண்டியல்’ என்றாகிவிட்டது. டிவி பணமும் நாலு டிவிஷனுக்கும் சமமாகத்தான் பிரிந்துகொண்டிருந்தது. 80-களில் மேல் டிவிஷன்காரர்கள் பாதியைத் தங்கள் இலைக்கு இழுத்துக்கொண்டார்கள். 1992-ல் (டிராம் வந்த அதே வருஷம்!) மேலே இருந்த 22 கிளப்புகள் பிரிந்து போய் ‘பிரீமியர் லீக்’ ஆரம்பித்தன. தனிக் குடித்தனம், தனி உலை.

முதல் டிவி ஒப்பந்தம், ஐந்து வருஷத்துக்கு சுமார் 30 கோடி பவுண்டு. 2025-லிருந்து நாலு வருஷத்துக்கு, உள்நாட்டு ஒப்பந்தம் மட்டும் 670 கோடி பவுண்டு. இதை நான் ரூபாயால் பெருக்கவில்லை. உடம்பு தாங்காது.

கீழே இருப்பவர்களுக்கும் கொஞ்சம் தருகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படிக்கும் படிக்கும் நடுவே ஏணி வைத்தாலும் எட்டாத இடைவெளி. எட்ட வேண்டுமென்றால் ஒன்று ஷேக் வர வேண்டும், இல்லை கடன் வாங்க வேண்டும். சிட்டிக்கு 2008-ல் அபுதாபி ஷேக் வந்தார். பெரிக்குக் கடன் வந்தது!

மைதானத்தை அடகு வைத்தார்கள். கார் பார்க்கிங் இடங்களைக்கூட முதலீட்டாளர்களுக்குக் கூறு போட்டு விற்றார்கள். 2018 டிசம்பரில் கிளப்பே கைமாறியது. விலை என்ன தெரியுமா? ஒரு பவுண்டு. சில்லறை பாக்கி கூடக் கிடையாது.

2019 வசந்தம். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. ஆனாலும் ஆடினார்கள், ஜெயித்தார்கள், ஒரு படி மேலேயும் ஏறினார்கள். அந்த மே 18-ம் தேதி, எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் சிட்டி 6-0 என்று வாட்ஃபோர்டை வென்று, பெரியின் 1903 சாதனையைச் சமன் செய்தது. நூற்றியொரு நாள் கழித்து, ஆகஸ்ட் 27-ல், கடனை அடைக்க வழி காட்ட முடியாத பெரியை லீக்கை விட்டே நீக்கினார்கள். 125 வருஷம் ஆடிய லீக்.

மைதான வாசலில் ஒரு பெரியவர் பரிசுச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார். சீட்டு ஒரு பவுண்டு. வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுத்தேன்.

“அன்னிக்கு விளக்குமாறோட வந்தேன் தம்பி. எங்களை மாதிரி நிறையப் பேர். அடுத்த மேட்ச் நடக்கும்னு நம்பி நாற்காலி துடைச்சோம், படி பெருக்கினோம். ராத்திரி, லீக்கே கிடையாதுன்னுட்டாங்க” என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குத் தமிழில்தான் கேட்டது.

“தப்பு யார் மேல ஐயா? பணக்கார கிளப்புங்க மேலயா, முதலாளிங்க மேலயா?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “ரெண்டு பேர் மேலயும்தான். ஆனா, ஜெயிச்சப்போ பணம் எங்கேர்ந்து வருதுன்னு நாங்களும் கேக்கலையே!”

சுருக்கென்றது. என் பக்கத்தில் நின்ற வானநீலம் தரையைப் பார்த்தது.

கதை அங்கே முடியவில்லை. ரசிகர்கள் புதுசாக ஒரு கிளப் ஆரம்பித்து அடிமட்டத்திலிருந்து ஆடினார்கள். நன்கொடையும் அரசாங்கத்தின் 10 லட்சம் பவுண்டு உதவியும் சேர்ந்து 2022-ல் மைதானத்தை மீட்டார்கள். 2023-ல் கிக் லேனில் மறுபடி பந்து உருண்டது. நான் போனபோது அவர்கள் நின்றது ஒன்பதாம் படியில். ஒன்பதாம் படி மேட்சுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம்! தாத்தா, பேரன், கையில் சூடான பை.

திரும்பி வரும் டிராமில் மச்சான் அதிகம் பேசவில்லை. நான் விடவில்லை.

“மச்சான், பண விதியை மீறிட்டாங்கன்னு 2023 பிப்ரவரியில சிட்டி மேல நூத்துக்கு மேல குற்றச்சாட்டு. விசாரணை ஆரம்பிக்கவே 2024 செப்டம்பர் ஆயிடுச்சு. எவர்ட்டன் மேல 2023 மார்ச்சுல ஒரு புகார். நவம்பர்லயே 10 பாயின்ட்டை வெட்டிட்டாங்க, அப்பீல்லதான் அது 6 ஆச்சு. இது நியாயமா?”

“அது ஒரே கேஸு மாப்ளே. இது நூறு. நேரம் ஆகத்தானே செய்யும்? சிட்டி எதையும் ஒத்துக்கவும் இல்ல.”

அவர் சொன்னதும் சட்டப்படி சரி. ஆனால் ஆபீஸில் வேலை பார்க்கும் உங்களுக்குத் தெரியாததா? ஆட்டோ பில்லில் இருபது ரூபாய் இடித்தால் அன்றைக்கே மெமோ. கோடிக்கணக்கில் இடித்தால் கமிட்டி, சப்-கமிட்டி, வக்கீல், வாய்தா.

கிளப்புகளின் முதலாளிகளையும் கணக்கையும் கண்காணிக்க, 2025 ஜூலையில் இங்கிலாந்தில் சட்டமே கொண்டுவந்து தனி அமைப்பு ஏற்படுத்தினார்கள். பெரி போனதும் அதற்கு ஒரு காரணம். வீடு எரிந்த பிறகு வாங்கிய தண்ணீர் வாளி என்றாலும், அடுத்த வீட்டுக்காவது ஆகும்.

ஊர் திரும்பி பெட்டியைப் பிரித்தபோது சட்டைப் பையிலிருந்து அந்தப் பரிசுச் சீட்டு விழுந்தது. பரிசு விழவில்லை. ஒரு பவுண்டு நஷ்டம். வழக்கம்போல ரூபாயால் பெருக்கிப் பார்த்தேன்...

நூற்றுச் சொச்சம். 133 வருஷத்துக் கிளப்பை இந்த விலைக்குத்தான் கை மாற்றினார்கள்!