விளையாட்டுச் செங்கல்

குழந்தைகள் உள்ள வீட்டில், விளக்கை அணைத்த பிறகு வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு 'லெகோ' என்னும் பொருளைப் பற்றி நான் விவரிக்க வேண்டுவதில்லை. பாதத்தில் ஒரு முறை குத்தினால் போதும். அதன் உறுதி விளங்கிவிடும். என் பேரனோ அதே துண்டுகளைக் கொண்டு காலையில் கோபுரம், மாலையில் ரயில் என்று சிருஷ்டித் தொழில் நடத்துகிறான். இதன் பூர்வ கதையை விசாரித்துப் பார்த்தேன்.

டென்மார்க் தேசத்தில் பில்லுண்டு என்று ஒரு சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்ஸன் என்ற தச்சர் இருந்தார். உலகெங்கும் வியாபாரம் மந்தமாகி, வீடு கட்டுவோர் அருகிப் போன 1932-ஆம் வருஷத்தில் அவர் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1934-ல் 'லெகோ' என்று பெயரிட்டார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது. 1942-ல் பட்டறை தீக்கிரையாயிற்று. மனிதர் தளரவில்லை; மறுபடியும் கட்டினார். ஒரு சமயம் அவருடைய குமாரர் கோட்ஃபிரெட், மர வாத்துகளுக்கு மூன்று தடவை பூச வேண்டிய வார்னிஷை இரண்டோடு நிறுத்தி, காசு மிச்சம் பிடித்ததாகப் பெருமை பேசினாராம். தந்தை விட்டாரா? ரயிலடிக்குப் போன சரக்கைத் திரும்பக் கொண்டுவரச் செய்து, மூன்றாம் பூச்சையும் தனியாகவே பூசும்படி வைத்தார்!

பிளாஸ்டிக் செங்கல் வெளிவந்தது 1949-ல். ஆனால் அந்த யோசனை பில்லுண்டில் உதித்ததன்று. இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர், தலையில் குமிழ் வைத்த செங்கற்களை 'கிடிகிராஃப்ட்' என்ற பெயரில் அதற்கு முன்பே விற்று வந்தார். அவற்றைப் பார்த்துத்தான், சிற்சில மாறுதல்களுடன், டென்மார்க்குக்காரர்கள் செய்தார்கள். பேஜ் 1957-ல் காலமானார். அந்தப் பழைய செங்கலுக்குரிய உரிமைகளை லெகோ கம்பெனி விலைக்கு வாங்கியது 1981-ல். அதாவது, அவர் கண்ணை மூடி 24 வருஷம் கழித்து. பெட்டியின் ஒரு மூலையிலாவது அவர் பெயரை அச்சிடலாகாதா என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆரம்பச் செங்கற்கள் உள்ளே வெறுங் கூடு. அடுக்கினால் நிற்கும், அசைத்தால் சரியும். 1958 ஜனவரி 28-ல் கோட்ஃபிரெட் பேடண்டு கேட்டு மனுச் செய்த செங்கலின் வயிற்றில் குழாய்கள் இருந்தன. கீழ்ச் செங்கலின் குமிழ்களை மேற்செங்கலின் சுவரும் குழாயும் இரு புறமும் நெருக்கிப் பிடித்துக்கொண்டன. அத்தனை சூட்சுமமும் அந்தப் பிடியில்தான். பெரியவர் அவ்வருஷம் மார்ச் மாதத்திலேயே மறைந்துவிட்டார்.

எட்டுக் குமிழ்கள் உள்ள ஒரே நிறச் செங்கற்கள் ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கணித சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். இன்று கடையில் வாங்கும் புதுச் செங்கலும், 1958-ஆம் வருஷத்துச் செங்கலின்மேல் 'டக்'கென்று உட்கார்ந்துவிடுகிறது.