உப்புத்தாளும் ஒரு சிட்டிகை உப்பும்

எங்கள் பகுதிக்குப் பெயர் உப்பளம். ஆனாலும் வீட்டில் உப்புத் தீர்ந்தால் மளிகைக் கடைக்குத்தான் ஓட வேண்டும். 1815இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையில் புதுச்சேரியின் உப்பு கும்பினியார் பிடிக்குள் போனது. சில ஆண்டுகளில் உப்பு விளைப்பதே நின்றது. பாத்திகள் போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று உப்புப் பாத்தி வேண்டுமென்றால் மரக்காணம் பக்கம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு மிச்சம் காற்றில் இருக்கும் உப்பு. ஜன்னல் கம்பி, சைக்கிள் ரிம், மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் என்று அது தின்னாத இரும்பு இல்லை. கேட்டுக்குப் பெயிண்ட் அடித்து இரண்டு மழைக்காலம் தாண்டினால் அந்தப் பெயிண்டருக்குக் கோயில் கட்டலாம். நானும் இந்தக் காற்றைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவன்தான். பிளாஸ்டிக் மாதிரிகள் கட்டும் பைத்தியம் பிடித்த பிறகுதான் திட்டுவது குறைந்தது.

பைத்தியத்தைக் கொண்டுவந்தவர் என் மாமா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; ஊர் வழக்கில் சொல்தா. ஒரு விடுமுறைக்கு வந்தபோது வாசனைச் சோப்புகளுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். மேலே ஒரு மீன்பிடிப் படகு, பின்னால் கறுத்த கடல். பெட்டியில் இருந்த பெயரை 'ஹெல்லர்' என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். மாமா சிரித்தார். "எச் வாயைத் திறக்காதுடா. எலேர்!" 1957இல் பிரான்சில் தொடங்கிய அந்தக் கம்பெனியின் பெயரை இன்றுவரை நான் சரியாகச் சொல்வது அவர் புண்ணியம்.

பெட்டியைத் திறந்தால் படகு இல்லை. சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக். அதில் புளியங்காய் மாதிரி தொங்கும் நூறு துண்டுகள். அந்தச் சட்டத்தை ஸ்ப்ரூ என்பார்கள். எனக்கு அது அன்றும் இன்றும் கொடிதான். பசைக் குழாய் வரும் வழியிலேயே காய்ந்து கல்லாகியிருந்தது. விளக்கத்தாளில் இருந்த வண்ண எண்கள் எதுவும் நேரு வீதிக் கடைகளுக்குத் தெரியாது. வெள்ளைப் பசையில் ஒட்டினேன். மறுநாள் காலையில் எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. உடனே ஒட்டும் பசை வாங்கி வந்தேன். ஒட்டியது. ஆனால் அதன் ஆவி பட்டு மாலுமி அறையின் கண்ணாடி ஜன்னல்களுக்குக் கண்புரை விழுந்துவிட்டது. அந்தக் குருட்டுப் படகு பல வருடம் அலமாரியில் இருந்தது.

விஷயம் புரிந்தது வெகுநாள் கழித்து, லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு பட்டறையில். கிட்டில் இருப்பது பாலிஸ்டைரீன். அதை ஒட்டுவது என்பது இரண்டு விளிம்புகளையும் கரைத்து ஒன்றுக்குள் ஒன்றைக் கலக்கவிடுவது. காய்ந்த பிறகு இணைப்பு என்று ஒன்று இருக்கவே கூடாது. பட்டறையில் வைத்திருக்கும் என்.சி. தின்னருக்கு அந்தக் கரைக்கும் குணம் உண்டு. இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையில் ஒரு சொட்டு எடுத்து இடுக்கின் ஒரு முனையில் தொட்டால் போதும், அது தானே ஓடி மறுமுனைக்குப் போய்விடும். ஒரு சொட்டு கூடினால் விரல் ரேகை பிளாஸ்டிக்கில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஆவி கெடுதல், தீயும் சட்டென்று பிடிக்கும். ஜன்னலைத் திற, விளக்கை அணை, பிள்ளைகளை விரட்டு. இதற்கென்றே வரும் மெல்லிய சிமெண்ட் புட்டி இப்போது நம் ஊரிலும் தபாலில் கிடைக்கிறது. ஒரு புட்டி ஏழெட்டுக் கிட்டுக்கு வரும். முடிந்தவர்கள் அதையே வாங்கட்டும். பசையிலும் பிளேடிலும் கஞ்சத்தனம் கூடாது என்பது குருட்டுப் படகு எனக்குச் சொன்ன பாடம்.

பிளேடு என்றதும் வெளிநாட்டுக் கத்திக்குப் போக வேண்டாம். அறுவைசிகிச்சைப் பொருள் விற்கும் கடையில் 3ஆம் எண் கைப்பிடியும் 11ஆம் எண் பிளேடும் கேளுங்கள். கூர்முனை உள்ள அந்த பிளேடு கிட்டில் எந்த மூலைக்கும் போகும். கொடியிலிருந்து துண்டை வெட்ட நகவெட்டி. பொடிசுகளைப் பிடிக்கப் பொற்கொல்லர் வைத்திருக்கும் சாமணம். பிசிறைத் தேய்க்க ஹார்டுவேர் கடை உப்புத்தாள். இந்தச் சொல்லுக்காகவே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். உப்பளத்துக்காரன் உப்புத்தாள் இல்லாமல் என்ன செய்வான்? சொரசொரப்பானது ஆகாது. 400, 600, கடைசியில் 1000 எண் வாட்டர் பேப்பர். தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும்.

இடுக்கு அடைக்கவும் அதே பட்டறைதான் வழி. லாரிக்குப் பட்டி பார்க்கும் என்.சி. பட்டி பிளாஸ்டிக்கை நன்றாகப் பிடிக்கும். "மொத்தமா அப்பாத தம்பி, காய்ஞ்சா உள்ள இழுக்கும். கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு தடவ வை" என்றார் அங்கிருந்த பெரியவர். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று இதையே நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறது. பட்டிக்கும் காசில்லையா? வெட்டிப் போட்ட கொடியைப் பொடிப்பொடியாக நறுக்கித் தின்னரிலோ சிமெண்டிலோ ஊறப்போடுங்கள். மறுநாள் கூழாக இருக்கும். கிட்டின் பிளாஸ்டிக்கே பட்டியாகிவிடும். நிறமும் ஒன்று, குணமும் ஒன்று.

கொடி குப்பை இல்லை என்பது புரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். அதில் ஒரு சாண் நீளத் துண்டை இரண்டு கையிலும் பிடித்து, அகல்விளக்குச் சுடருக்கு இரண்டு விரற்கடை மேலே உருட்டிக்கொண்டே இருங்கள். முதலில் பளபளக்கும், பிறகு நடுவில் தொய்யும். தொய்ந்ததும் இழுக்கக் கூடாது, இழுத்தால் அறுந்துபோகும். சுடரை விட்டு வெளியே எடுத்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் கம்பி, வேகமாக இழுத்தால் மயிரிழை. விமானத்துக்கு ஆன்டெனா, கப்பலுக்குக் கயிறு, கைப்பிடிக் கம்பி எல்லாம் இதில் ஆகும். தலைமுடியையே கட்டலாமே என்பார்கள். கட்டலாம், ஆனால் கணக்குப் பாருங்கள். 1/72 என்ற அளவில், அதாவது ஆறடி ஓர் அங்குலமாகச் சுருங்கும் அளவில், 0.07 மில்லிமீட்டர் முடி 5 மில்லிமீட்டர் கம்பியாகிவிடும். கொடியை இழுத்தால் முடியைவிட மெல்லிசாகவும் வரும்.

தகடு வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தை. பாட்டு போன பழைய சி.டி. பெட்டிகள் குவியலாகக் கிடக்கும். அவையும் பாலிஸ்டைரீன்தான், ஜன்னல் கண்ணாடிக்கு அதைவிட மலிவாக ஒன்றுமில்லை. அந்த ஜன்னலை ஒட்ட மட்டும் ஃபெவிகால் போதும். காய்ந்தால் கண்ணாடிபோல் ஆகிவிடும், புரை விழாது. மற்ற டப்பாக்களை வாங்கும்போது ஏமாறக் கூடாது. தயிர், ஐஸ்கிரீம் டப்பாவில் பல வேறு பிளாஸ்டிக்; எந்தச் சிமெண்டும் ஒட்டாது. ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் வேண்டாம். முழுகினால் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நம் ஆள். முன்பெல்லாம் கல்யாண வீட்டு வெள்ளை ஸ்பூனையே பொறுக்கிக்கொண்டு வருவேன். 2022 ஜூலையில் அந்த வகைப் பொருள்களுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது. நல்லதுதான், என் பெட்டியில் பழைய ஸ்பூன் ஒரு டஜன் பத்திரமாக இருக்கிறது.

சிகரெட் பெட்டித் தாளில் சீட் பெல்ட், தேநீர்ப் பையின் தாளை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்துத் தார்ப்பாய், அரைத்த செங்கல்லும் கரித்தூளும் புழுதிக்கு. இப்படி எழுதிக்கொண்டே போகலாம். ஏழை நாட்டுக்காரனின் சமாளிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தப் பொழுதுபோக்கே மலிவில் பிறந்ததுதான். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் 1952இல் கோல்டன் ஹைண்ட் கப்பலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ஒரு காகிதத்தை மடித்துக் குத்தி, வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. அட்டைப்பெட்டி போட்டால் விலை ஏறிவிடும் என்ற கணக்கு. அதே ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றில் பிற்பாடு 'இந்தியாவில் தயாரானது' என்று அச்சிட்டு வந்தது. இங்கே வார்த்து அங்கே போய், விலையேறித் திரும்பி வரும் அந்தப் பெட்டியை வாங்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

இனி உப்புக்கு வருகிறேன். துரு காட்டுவதற்கென்றே வெளிநாட்டில் புட்டி புட்டியாக விற்கிறார்கள்: பழைய துரு, புதுத் துரு, ஓடும் துரு. ஒரு புட்டி விலையில் இங்கே ஒருவர் மதியச் சாப்பாட்டை மீனோடு முடிக்கலாம். அந்த நாட்டுக்காரர்களே கண்டுபிடித்த மலிவு வழி ஒன்றும் உண்டு. அது சாப்பாட்டு உப்பு. முதலில் படகு முழுக்கத் துரு நிறம் அடித்துக் காயவிட வேண்டும். பெயிண்ட் உரிய வேண்டிய இடத்தில் மட்டும் தூரிகையால் தண்ணீர் தொட்டு வைத்து, அதன்மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவ வேண்டும். ஈரம் காய்ந்ததும் உப்பு பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் படகின் நீலத்தை அடித்து, காய்ந்த பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்தால் உப்பு கழன்றுவிடும். அது இருந்த இடத்தில் நீலம் பொரிந்து உள்ளே துரு எட்டிப் பார்க்கும்.

இதில் எனக்குச் சொந்தமாகக் கிடைத்தவை மூன்று. கல்லுப்பு உதவாது: 3 மில்லிமீட்டர் கல் 1/72இல் ஒரு சாண் அகலப் பொரிவாகிவிடும். தூள் உப்பின் மணியே 2 சென்டிமீட்டர் பொரிவு தரும். அதையும் மிக்சியில் ஒரு சுற்று விட்டு, சலித்துத்தான் தூவுகிறேன். படகுகள் இன்னும் சிறிய அளவில் வருவதால் பவுடர் மாதிரியே வேண்டும். அடுத்தது, ஸ்ப்ரே இல்லாதவர்கள் மேல் பூச்சுக்குத் தண்ணீர் வண்ணத்தை எடுக்கக் கூடாது. தூரிகை பட்டதும் உப்பு கரைந்து ஓடும். எனாமலை டர்பன்டைனில் நெகிழ்த்திக்கொண்டால் பயமில்லை, டர்பன்டைனில் உப்பு கரையாது. இழுத்து அடிக்காமல் ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்ற வேண்டும். மூன்றாவது அடிபட்டுக் கற்றது. ஒரு தடவை சரியாகக் கழுவாமல் அப்படியே வார்னிஷ் அடித்து ஷோகேஸில் வைத்தேன். ஐப்பசி மழை தொடங்கியது. உள்ளே தங்கிய உப்பு ஈரத்தை இழுத்து, பெயிண்ட் அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. எங்கள் கேட்டுக்கு நடப்பதேதான் பிளாஸ்டிக் படகுக்கும் நடந்திருக்கிறது.

மாமா மறைந்த பிறகு அந்தக் குருட்டுப் படகை எடுத்துப் பிரித்தேன். சி.டி. பெட்டியில் புது ஜன்னல், பட்டி, உப்புத்தாள், உப்பு, எல்லாம். இரண்டு மாதம் ஆனது. முடிந்ததும் பெருமை தாங்காமல் வம்பாகீரப்பாளையத்தில் இருக்கும் ஒரு பழைய விசைப்படகுத் தொழிலாளியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துரு அச்சு அசலா இருக்கு தம்பி. ஆனா இங்க ஏன் துரு?"

"ஏண்ணே, படகு முழுக்கத்தானே உப்புக் காத்து?"

"காத்து வேற, உரசல் வேற. வலையோட வர்ற பலகை பின்னாடிதான் வந்து இடிக்கும். கயிறு உரசுற ஓரம், தண்ணி வழியிற ஓட்டை, அங்கல்லாம் மொதல்ல பெயிண்ட் போவும். நீ பின்பக்கத்தப் புது மாப்பிள்ள மாதிரி வச்சிட்டு, ஒண்ணுமே படாத எடத்துல துரு தூவியிருக்க."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. முப்பது வருடமாகத் துருவுக்கு நடுவில் குடியிருக்கிறேன். 1952 புயல் பிரெஞ்சுக்காலத்து இரும்புப் பாலத்தைக் கொண்டுபோனதைக் கேட்டு வளர்ந்தவன். பின்னால் கட்டிய கடல் பாலம் 2022 மார்ச்சில் நடுவில் இடிந்து விழுந்தபோது கூட்டத்தில் நின்று செல்போனில் படம் பிடித்தவன். ஆனாலும் துரு எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை. பெட்டியில் இருந்த ஓவியத்தைப் பார்த்துத்தான் உப்பைத் தூவியிருக்கிறேன்.

அந்த வருடம் தடைக்காலத்தில் அவரே தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பராமரிப்பு வேலையெல்லாம் அப்போதுதான். சுரண்டிய படகும் சுரண்டாத படகும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பின்பக்கப் பலகை இடித்த வடு, வின்ச் அடியில் காய்ந்த ஆரஞ்சு ஒழுகல், ஐந்து வருடப் பெயிண்ட் ஐந்து நிறமாக உரிந்த ஓரம் எல்லாவற்றையும் நோட்டில் வரைந்துகொண்டேன். நுழைவுச் சீட்டு கிடையாது, புட்டி கிடையாது. என் படகின் பின்பக்கத்தை 600 உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.

நீங்களும் படகு, கப்பல் கட்டுபவரானால் தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே ஒரு விடியற்காலையில் அங்கே போய்விடுங்கள். மே கடைசியில் போனால் எல்லாவற்றுக்கும் புதுப் பெயிண்ட் அடித்து வைத்திருப்பார்கள்.